கூப்பிடாத இடம்

“யாருடி உன்னைக் கூப்பிட்டாங்க?” எடின்பரோவில் ஆகஸ்ட் மாதம் தனிநபர் நாடகம் போடப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா போனில் கேட்டது இதைத்தான். யாரும் கூப்பிடவில்லை என்றேன். “கூப்பிடாத இடத்துக்குப் போவாங்களா?”

அந்த விழாவே அப்படித்தான் பிறந்தது. போர் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து, 1947இல், எடின்பரோவில் சர்வதேசக் கலைவிழா ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து கிடைத்த இடத்தில் நடித்தன. அதில் ஒன்று ஊருக்குள்ளேயே நடக்கவில்லை. கழிமுகத்துக்கு அக்கரையில், டன்ஃபர்ம்லின் தேவாலயத்தில் போட்டார்கள். மறு ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடக எழுத்தாளர் இவர்களைப் பெரிய விழாவின் ஓரம் என்று எழுதினார். ‘ஃபிரிஞ்ஜ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1958இல் இவர்களுக்கென ஒரு சங்கம் வந்தது. எந்த நிகழ்ச்சியையும் தேர்வுசெய்வதில்லை, தணிக்கை செய்வதில்லை என்பது அதன் கொள்கை. 2019இல் 3,800க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன.

இந்தக் கொள்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கல்லூரியில் ஆண்டுவிழா நாடகத்தின் கையெழுத்துப் பிரதியை முதலில் துறைத்தலைவர் படிப்பார். ‘தீட்டு’ என்ற சொல்லை அவர் சிவப்பு மையால் அடித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. இங்கே ஒருவரும் படிக்கவில்லை. என்ன கதை என்றுகூடக் கேட்கவில்லை.

ஆனால் யாரும் தடுக்காத கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறப்பதில்லை. இந்த விழாவின் பெயர்பெற்ற நகைச்சுவை விருதான பெரியே 1981இல் தொடங்கியது. தனியாக மேடையேறும் பெண் ஒருவர், ஜென்னி எக்ளேர், அதைப் பெற 1995 ஆனது. அடுத்தவருக்கு 2005. ஆகஸ்டில் வீட்டு வாடகை எகிறும். பல மாணவர்கள் அறையைக் காலிசெய்ய வேண்டிவரும். கூட்டம் வரும் இரவு நேரம் எனக்குச் சரிப்படவில்லை. மகளுக்கு மூன்று வயது. பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அக்காவுக்குப் பிற்பகலில் வேலை. எனவே காலை 11:30. இடம் ஒரு பப்பின் அடித்தளம். வாடகை இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. முடிந்ததும் வாசலில் வாளி நீட்ட வேண்டும். முந்தைய இரவின் பீர் நாற்றத்தில் என் சின்னம்மாவின் கதையைச் சொன்னேன். கணவன் வீட்டிலிருந்து ஒரு பையோடு திரும்பி வந்தவள். ‘வாழாவெட்டி’ என்று தெரு சொல்லச் சொல்ல, தையல் மெஷின் மிதித்தே முப்பது ஆண்டு ஓட்டியவள். நாடகத்தில் அவள் பெயரை மாற்றியிருந்தேன்.

ஹை ஸ்ட்ரீட்டில் தள்ளுவண்டியோடு நின்று நோட்டீஸ் கொடுப்பேன். குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள், நாடகத்துக்கு வரமாட்டார்கள். முதல் நாள் நாலு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், சந்தேகமே இல்லை.

ஐந்தாம் நாள் ஏழு பேர். அதை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எண்ணிக்கையைக் காதில் வாங்கவில்லை.

“அவ கதையையா சொல்றே? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. துறைத்தலைவரின் சிவப்பு மையை இத்தனை ஆண்டு நினைவு வைத்திருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை.

மறுநாள் மேடையேறும் முன் படிக்கட்டில் உட்கார்ந்து சின்னம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே பிற்பகல் மூன்றரை. மெஷின் சத்தம் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“யாரு வந்து பார்க்கிறா?”

“நமக்குத் தெரியாதவங்க, சின்னம்மா.”

“நம்ம தெருக்காரங்க யாரும் இல்லையே?”

“இல்லை.”

“அப்ப எதுக்குடி பேரை மாத்தினே? என் பேரையே சொல்லு” என்றாள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.