மண்ணின் பாரம்

வீடு கட்டப் போகிறோம் என்றால் நண்பர்கள் எத்தனை அறை, தரைக்கு என்ன கல் என்று விசாரிக்கிறார்கள். மண்ணுக்குள் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கோத்தகிரிப் பக்கத்தில் சரிவான மனையொன்றில் நாம் வேலை தொடங்கியபின், கைப்பணத்தில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கே போயிற்று. வாசலில் ஒரு மண்டபம் வேண்டுமென்று ஆசைப்பட்டிருந்த நமது இல்லாளுக்கு இதில் பரம வருத்தம்.

ஆனால் 2009 நவம்பர் மழை நீலகிரிவாசிகளுக்கு மறக்கக் கூடியதன்று. மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்புறம் கொட்டிச் சமப்படுத்தி, அதன்மேல் வீட்டை வைப்பது இங்கே சகஜம். பாதி வீடு கெட்டி நிலத்திலும் பாதி கொட்டிய மண்ணிலும் நின்றால், பின்னது இறங்கும். சுவர் நடுவே வெடிக்கும். ஆகவே அஸ்திவாரத்தைப் படிப்படியாக இறக்கி, எங்கும் கைபடாத பழைய மண்ணைத் தொட்டோம். (அஸ்திவாரப் பள்ளத்துக்குக் கொத்தனார்கள் 'வானம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன தைரியம்!)

தடுப்புச் சுவர்தான் பெரிய சங்கதி. மின்சாரப் பாடத்தில் நம் மாணாக்கர் பெயரைக் கேட்டாலே நடுங்கும் கூலும் என்ற பிரெஞ்சுக்காரர், முதலில் கோட்டை கட்டிய ராணுவ எஞ்சினீயர். மண் சுவரைத் தள்ளும் பலத்தைக் கணக்கிடும் வழியை 1773-ல் பாரிஸ் அகாடமியில் சமர்ப்பித்தவர் அவரே. சுவரின் உயரம் இரு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்கு. கவிழ்க்கும் சக்தியோ எட்டு மடங்கு. பத்தடிச் சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் உலர்ந்த மண் சுமார் 800 கிலோ பலத்துடன் தள்ளும். மண்ணில் ஜலம் தேங்கிவிட்டால் அது 1,800 கிலோவையும் தாண்டக் கூடும்.

இதற்காகவே சுவரின் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் ஒழுகத் துவாரங்கள் விடுகிறார்கள். நமது காண்டிராக்டர் கனவானுக்கு அது பிடிக்கவில்லை. "இவ்வளவு காங்கிரீட் போட்டுவிட்டு ஓட்டை எதற்கு சார்? பார்க்க அசிங்கம்" என்றார். மிச்சமாகும் பணத்தில் மண்டபத்தை முடித்துவிடலாம் என்று ஆசையும் காட்டினார். இல்லாள் ஒன்றும் பேசாமல் மனையின் கீழ்க்கோடிக்குப் போய் நின்றாள். அங்கே ஒரு தேயிலைத் தொழிலாளியின் ஓட்டு வீடு. வாசலில் குழந்தைகள் பாண்டி ஆடிக்கொண்டிருந்தன. நம் சுவர் சாய்ந்தால் அந்த ஓட்டின் மேல்தான் சாயும். திரும்பி வந்தவள், "ஜல்லியைக் கொட்டச் சொல்லுங்கள்" என்றாள். மண்டபத்தைப் பற்றி அதற்குப் பின் பேச்சில்லை.

சுவரின் பாதம் ஆறடி அகலம். அதில் பெரும் பகுதி மலைப் பக்கமாக மண்ணுக்கடியில் நீண்டிருக்கிறது. தள்ளுகிற மண்ணே பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொள்கிறது. கம்பிகளை முதலில் வெளிப் பக்கமாகக் கட்டியிருந்தார்கள். மண் தள்ளும்போது இழுபடுவது உட்பக்கம். இழுப்பைத் தாங்கக் காங்கிரீட்டுக்குச் சக்தி குறைவு. எஞ்சினீயர் வந்து அத்தனையும் அவிழ்த்துக் கட்டச் செய்தார். இரண்டு நாள் கூலி வீண்; காண்டிராக்டருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

ஐப்பசியில் முதல் பெருமழை விட்டதும் குடையுடன் இறங்கிப் போய்த் துவாரங்களை எண்ணினோம். பதினான்கில் பதின்மூன்று தெளிவாக ஒழுகிக்கொண்டிருந்தன. மிஞ்சிய ஒன்றை மேஸ்திரி நீண்ட கம்பியால் குத்திக்கொண்டிருந்தார்.