சீட் கிடைத்த பிறகு



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. "டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா? 96 பேட்ச், கடைசி பெஞ்சு" என்று ஆரம்பிப்பார்கள். குரலை வைத்தே பாதிப் பேரைக் கண்டுபிடித்துவிடுவேன். பிறகு விஷயத்துக்கு வருவார்கள். "பொண்ணு 512 எடுத்திருக்கா டீச்சர், என்ன சேர்க்கலாம்?" கடைசி பெஞ்சில் தூங்கியவர்களுக்கு எல்லாம் பிளஸ் டூ படித்து முடித்த பிள்ளைகள்! எனக்கு வயசாகிவிட்டது என்று இதைவிட யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

சீசன் நேரம். மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. நான் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. ஒவ்வொருத்தருக்கும் போனில் சொன்னதையே திரும்பச் சொல்வதைப் பார்த்து என் அக்கா மகன்தான், "சித்தி, ஒரு தடவை எழுதிப் போட்டுடுங்க, எல்லாரும் படிச்சுக்கட்டும்" என்றான். எழுத உட்கார்ந்தால், எந்த கோர்ஸ் நல்லது என்பதற்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளிகளில்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது. கணக்கு டீச்சர். அந்தப் பக்கத்தில் நிறையப் பேர் 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்களே போடப்பட்டன. எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பலர் காலையில் லைன் வீட்டில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு, அட்டைக்கடியோடு நாலு கிலோமீட்டர் நடந்து வருவார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள். எனக்கு ஒரே வெறி. மேத்ஸ் குரூப்பில் நல்ல மார்க் எடுக்கிற எல்லாப் பிள்ளைகளையும் கீழே அனுப்பிவிட வேண்டும். கோயம்புத்தூரைச் சுற்றிப் புதுசு புதுசாக இன்ஜினியரிங் காலேஜ் வந்துகொண்டிருந்த காலம் அது. "போ, கீழே போ" என்பதுதான் என் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை.

2010-இல் ஒரு பெண். அம்மா கொழுந்து பறிப்பவர், அப்பா மருந்தடிக்கும் வேலை. கட்-ஆஃப் 200-க்கு 160-ஐத் தாண்டியிருந்தது. அந்த வருஷம்தான் முதல் பட்டதாரி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அப்போது கவுன்சிலிங் ஆன்லைனில் இல்லை, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். அவள், அவள் அப்பா, நான், மூன்று பேரும் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். அவள் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. "மண்டபம் கேம்ப்ல இருந்து எங்கப்பா மடியில ஒக்காந்து வந்தது டீச்சர். அதுக்குப் பொறகு இப்பதான் ரயில்ல ஏறுறேன்" என்றார்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சீட் கிடைத்தது. திரும்பி வந்து பள்ளியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பிரேயரில் அவள் பெயரைச் சொன்னோம். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஜூனில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு முகம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அவள்தான். பிப்ரவரியிலேயே காலேஜை விட்டு வந்துவிட்டாளாம். நாலு மாசமாக எனக்குத் தெரியாது. நானும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை.

பணம் இல்லாமல் வந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைனுக்கே போய்ப் பேசினேன். முதல் செமஸ்டரில் மூன்று பாடத்தில் அரியர். பத்தாவதில் ஃபெயிலானால் ஸ்கூலை விட்டு நிற்பதில்லையா, அதுபோல இதுவும் முடிந்தது என்று நினைத்துவிட்டாள். அரியர் வைத்துக்கொண்டே அடுத்த செமஸ்டர் போகலாம், அந்தப் பரீட்சையோடு சேர்த்து எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ரூமில் இருந்த மற்றப் பெண்களுக்கும் அரியர் இருந்திருக்கிறது. அவர்களுக்கு அண்ணனோ மாமாவோ சொல்லி அது சாதாரண விஷயம் என்று தெரிந்திருக்கிறது. இவளுக்கு வெட்கம், யாரிடமும் கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, கூடலூர் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம் நாங்கள். அரியர் என்றால் என்ன என்று சொல்ல ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தை நான் ஒதுக்கவில்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பிள்ளை என்பதால்தானே அவளுக்கு முதல் பட்டதாரி என்று சான்றிதழே கொடுத்தார்கள்? அதை வாங்கிக் கொடுக்க ஓடியவள் நான்.

அந்த வருஷத்திலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். என்னிடம் படித்து வெளியே போகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயர், காலேஜ், ஹாஸ்டல் போன் நம்பர். மூன்று தடவை கட்டாயம் பேசுவேன். சேர்ந்த பதினைந்தாம் நாள், தீபாவளிக்கு வந்து திரும்பிப் போகும்போது, முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும். இரண்டாவது போன்தான் முக்கியம். லீவுக்கு வந்து வீட்டு அடுப்பங்கரையில் குளிர் காய்ந்த பிள்ளைக்குத் திரும்பக் கீழே இறங்க மனசு வராது. கீழே வெயில், மெஸ் சாப்பாடு, இங்கிலீஷில் பாடம், மலையிலிருந்து வந்தவள் என்று கேலி. அப்போது நாலு வார்த்தை பேசினால் பாதிப் பேர் பஸ் ஏறிவிடுகிறார்கள். நான் ரிட்டயர் ஆன பிறகும் அந்த நோட்டு தொடர்கிறது. இதைப் படிக்கிற என் பழைய மாணவர்கள் கோவை, திருப்பூர், சென்னை என்று எங்கே இருந்தாலும், நம் பக்கத்துப் பிள்ளை ஒன்று உங்கள் ஊர்க் காலேஜில் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சோறு போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொரு பையனையும் சொல்ல வேண்டும். நல்ல மார்க். கோயம்புத்தூரில் பி.காம் சேர இடமும் தயார். அவன் அப்பா வேண்டாம் என்றார், எஸ்டேட்டிலேயே வேலைக்குச் சேர்த்துவிடப் போகிறேன் என்றார். நான் சண்டைக்கே போய்விட்டேன். "பெத்த பிள்ளையை நீங்களே கெடுக்கறீங்களே" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதான் டீச்சர். வர்ற வருசம் நான் ரிட்டயரு. வேலை போனா வீடும் போயிரும். அதுக்குப் பொறகு நாங்க எங்க போய் இருக்கிறது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி அப்போது தொழிலாளிக்கு எஸ்டேட் வீடு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. வீட்டில் ஒருத்தர் பேரிலாவது செக்ரோலில் வேலை இருந்தால்தான் லைனில் இருக்க முடியும். அந்தப் பையனுடைய மேற்படிப்பு என்பது நாலு பேர் தலைக்கு மேலிருந்த கூரை. இது தெரியாமல் இருபது வருஷம் நான் "கீழே போ, கீழே போ" என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் அவன் எஸ்டேட்டிலேயே சேர்ந்தான். கூடவே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம் எழுதினான். மூன்று வருஷப் படிப்பு ஐந்து வருஷம் ஆனது. இன்று ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறான், பேரூரில் சின்னதாக ஒரு இடமும் வாங்கிவிட்டான். ஜி.எஸ்.டி. பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான். என் கணக்கு வேறு, அவன் கணக்கு வேறு!

அதனால் இப்போது யாராவது போன் பண்ணினால் மார்க்கைக் கடைசியில்தான் கேட்கிறேன். வீடு யார் பேரில் இருக்கிறது, அடுத்த மூன்று வருஷத்தில் யார் ரிட்டயர், கீழே தங்க சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்கிறேன். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டிகளில் சொந்தத் தோட்டம் இருப்பவர்களிடம் கேள்வி வேறு. பச்சைத் தேயிலை விலை விழுகிற வருஷத்திலும் ஃபீஸ் கட்ட முடியுமா?

சான்றிதழ் விஷயம். இதைப் பிள்ளைகள் பதினொன்றாவது படிக்கும்போதே ஆரம்பியுங்கள், ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. எல்லாம் இ-சேவையில் விண்ணப்பிக்கலாம்தான், ஆனால் பெயரும் இன்ஷியலும் ஒத்துப் போக வேண்டுமே! தாயகம் திரும்பிய குடும்பங்களில் தாத்தா பெயர் இலங்கைக் காகிதத்தில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். அதைச் சரி செய்யவே ஒரு வருஷம் போகும். பழைய குடும்ப அட்டை, பாஸ்போர்ட், கேம்ப் காகிதம் எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. இது தெரியாமல் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிட்டு வருகிறார்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் இன்ஜினியரிங் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அந்த இடத்தில் சேர்ந்தால் ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் அரசே ஏற்கிறது. பெண் பிள்ளைகளுக்கு 2022-இலிருந்து புதுமைப்பெண், பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கள், நடுவில் ஒரு வருஷம் எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிப் பக்கம் சேர்த்தால்கூட ஒதுக்கீடு கைவிட்டுப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. மே மாதத்தில் எஸ்டேட் லைன்களுக்கு ஜீப் போட்டுக்கொண்டு ஏஜென்ட்டுகள் வருவார்கள். "வெளி மாநிலத்தில் நர்சிங், ஃபீஸ் பிறகு கட்டலாம், இப்போது ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் கொடுங்க." கொடுக்காதீர்கள். கல்லூரியே ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருக்கிறது, பிறகு இந்த ஜீப்காரர்கள் யார்? என் மாணவி ஒருத்தி தன் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க இரண்டு வருஷம் அலைந்தாள்.

எந்த கோர்ஸ் என்று இவ்வளவு நேரம் சொல்லவில்லையே என்பீர்கள். அதில் நான் பெரிய ஆள் இல்லை. கீழே போக முடியாதவர்களுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, 1955-இலிருந்து. சலிவன் துரை கட்டிய ஸ்டோன் ஹவுஸில் உட்கார்ந்து படிக்கிற பாக்கியம் வேறு யாருக்குக் கிடைக்கும்? கூடலூரிலும் அரசுக் கல்லூரி உண்டு. நம் சொந்தக்காரர்களுக்கு ஐ.டி.ஐ. என்றாலே முகம் சுளிக்கிறது, எனக்கு அதில் கோபம் உண்டு. எலக்ட்ரீஷியன் படித்த என் மாணவனைக் கூப்பிட்டால் மூன்று நாள் கழித்துத்தான் வருகிறான், அவ்வளவு வேலை. மருத்துவக் கல்லூரி ஊட்டிக்கே வந்துவிட்டது. அங்கே டாக்டர் சீட்டை மட்டும் பார்க்காமல், லேப், எக்ஸ்ரே மாதிரியான துணைப் படிப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்றும் விசாரியுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வருஷம் கொழுந்து பறித்தாள். திரும்ப இன்ஜினியரிங் போக எவ்வளவோ சொல்லியும் மறுத்துவிட்டாள். பிறகு திருப்பூரில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இப்போது அங்கேயே சூப்பர்வைசர். வருஷா வருஷம் ஆசிரியர் தினத்துக்கு மெசேஜ் போடுவாள், நான் பதில் போடும்போது ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் நிற்கும்.

போன வாரம் போன் பண்ணினாள். அவள் நாத்தனார் பெண் இந்த வருஷம் பிளஸ் டூ, நல்ல மார்க், கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம். எந்தக் காலேஜ் என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நோட்டை எடுத்தேன்.

"காலேஜ் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க டீச்சர். நீங்க அவகிட்ட ஒரு தடவை பேசுங்க. அரியர் வந்தா என்ன பண்ணணும்னு இப்பவே சொல்லிடுங்க."

போனை அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன்.