வியாசமும் வாசகரும்

கலாசாலையிற் புதிதாய்ச் சேர்ந்த மாணாக்கரை நோக்கி வியாசம் ஒன்று எழுதுக என்று சொன்னால், அவர்களிற் பெரும்பாலார் முதலிற் கேட்கும் வினா, "எத்தனை பக்கம், ஐயா?" என்பதே. எவருக்காக எழுதுவது என்னும் வினா எழுவதேயில்லை. பன்னிரண்டாண்டு பள்ளியிற் பயின்று வந்தவர் இவ்வாறு கேட்பது அவர் குற்றமன்று. அதுகாறும் அவர் எழுதியவை யாவும் ஒரே ஒருவர் பார்வைக்கு எழுதப்பட்டவை. அவ்வொருவரோ விடையை முன்னரே அறிந்தவர். மதிப்பெண் இடுவதற்கே ஏட்டைத் திறந்தவர். அறிந்தவருக்கே அறிந்ததைச் சொல்லுவதில் இளைஞருக்கு ஊக்கம் பிறவாமை வியப்பாகுமா?

முதலாண்டு மாணாக்கருக்குத் தமிழ் வியாசப் பயிற்சி அளிக்கும் பணியிற் சில ஆண்டுகளாய் இருந்துவரும் யான், அப்பணியிற் கண்ட ஒன்றை இச்சஞ்சிகையின் வாசகர்முன் வைக்க விழைகின்றேன். அஃதாவது, இளைஞரின் எழுத்து நலிவதற்குப் பெரிதும் காரணமாவது சொற்பஞ்சமன்று, வாசகப் பஞ்சமே என்பதாம்.

எங்கள் வகுப்பினரை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவினர்க்கும் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்தோம். அதற்குப் 'பொது ஏடு' என்று மாணாக்கரே பெயரிட்டனர். வாரந்தோறும் ஒவ்வொருவரும் அதில் ஒரு பக்கம் எழுதல் வேண்டும். ஏனைய நால்வரும் அதனைப் படித்து, ஓரத்தில் ஆளுக்கொரு வினா எழுதல் வேண்டும். 'நன்று', 'அருமை' என்று மட்டும் எழுதிப் போதல் கூடாது. மெய்யாகவே அறிய விரும்பியதைக் கேட்டல் வேண்டும். எழுதியவர் அவ்வினாக்களுக்கு விடை கூறும் வண்ணம் மறுவாரம் அப்பக்கத்தை விரித்து எழுதுவார். ஆசிரியரின் சிவப்பு மை அதன் பின்னரே. கலாசாலை மாணாக்கர் நடத்திவந்த கையெழுத்துப் பத்திரிகைகளைக் கண்டிருக்கும் பழைய மாணவர்களுக்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது.

தென்பாண்டிச் சீமையினின்று வந்த மாணவர் ஒருவர் 'பனையின் பயன்கள்' என்னும் தலைப்பில் எழுதினார். பனை கற்பகத்தரு என்பதும், வேர் முதல் ஓலை வரை பயன்படுவது என்பதும், தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதும், கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்குவர் என்பதும் முறையாக அமைந்திருந்தன. பாடப் புத்தகத்தில் உள்ளவை எல்லாம் அதில் இருந்தன. எழுதியவர் மட்டும் அதில் இல்லை. குழுவிலிருந்த நகரத்து மாணவி ஒருவர், "சுண்ணாம்பு எதற்கு?" என்று ஓரத்தில் வினவியிருந்தார்.

மறுவாரம் அம்மாணவர் மூன்று பக்கம் எழுதினார். சுண்ணாம்பு இல்லையேல் இறங்கிய சாறு விரைவிற் புளித்துக் கள்ளாகிவிடும் என்று தொடங்கினார். பாளையை அளவறிந்து சீவவேண்டும் என்றும், ஆழச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோம் என்றும் எழுதினார். காலையும் மாலையும் மரமேறித் தந்தையின் மார்பு காய்த்துப் போயிருப்பதையும், விடிலியில் தாய் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவதையும், அந்த அடுப்பு வெளிச்சத்தில் தாம் பாடம் படித்ததையும் எழுதினார். கலாசாலையிற் சேரும்போது விண்ணப்பத் தாளில் தந்தையின் தொழில் 'விவசாயம்' என்று குறித்தவர் அவர். பொது ஏட்டிலோ, "என் அப்பா பனையேறி" என்று எழுதினார். ஒரு சொல்லும் யான் திருத்தவில்லை. அறியாதவர் ஒருவர் அறிய விரும்பிக் கேட்டார், அவ்வளவே.

எனினும், படிப்பார் பலராயின் நகைப்பாரும் உளராதல் இயல்பு. வேறொரு குழுவில், மாணவி ஒருவர் தம் பாட்டியைப் பற்றி எழுதுகையில், "வெள்ளன எழுந்து சாணம் தெளிப்பாள்" என்று எழுதியிருந்தார். "இஃது எந்த நாட்டுத் தமிழ்?" என்று ஓரத்தில் ஒரு கை எழுதியிருந்தது, பெயர் இல்லை. அம்மாணவி இரண்டு வாரம் ஏட்டைத் தொடவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயிலை மிதித்த ஒருவருக்கு அவ்வொரு வரி, 'உனக்கு இங்கு இடமில்லை' என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அவ்வாரம் வகுப்பு முழுதும் கூடி இரண்டு விதிகளை வகுத்தது. வினா எழுதுவோர் பெயர் இட்டே எழுதல் வேண்டும் என்பது ஒன்று. எழுதியவர் விரும்பினால் பக்கத்தை மடித்து வைக்கலாம். மடித்த பக்கத்தை ஆசிரியரன்றிப் பிறர் படித்தல் ஆகாது என்பது மற்றொன்று. மூன்றாம் வாரம் அம்மாணவி எழுதினார், பக்கத்தை மடிக்கவில்லை. கீழ்வானம் வெளுக்கும் பொழுதைக் குறிக்கும் 'வெள்ளென' என்பதன் திரிபே 'வெள்ளன' என்பதை நூலகத்து அகராதியினின்று தாமே தேடிக் கொணர்ந்து எழுதியிருந்தார். அதன் ஓரத்தில், "எங்கள் ஊரில் இச்சொல் இல்லை. இத்தகைய சொற்கள் இன்னும் உளவா?" என்று ஒரு வினா இருந்தது. அதே கை, இம்முறை பெயரும் இருந்தது.

இனி, பிற நாட்டு வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1722-ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரத்தில் தமையனின் அச்சகத்தில் தொழில் பயின்றுகொண்டிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்னும் பதினாறு வயதுச் சிறுவர், தம் பெயரால் எழுதினால் தமையன் பிரசுரிக்கமாட்டார் என்றஞ்சி, 'சைலன்ஸ் டூகுட்' என்னும் கைம்பெண்ணின் பெயரால் கடிதங்கள் எழுதி, இரவில் அச்சகத்தின் கதவடியில் நுழைத்து வந்தார். பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன. தமையனின் நண்பர்கள் அவற்றைப் படித்து மகிழ்ந்து, எழுதியவர் யாராயிருக்கலாம் என்று ஆராய்வதை அருகிருந்தே கேட்டார் அவர். அம்மகிழ்ச்சி அவரை மேலும் எழுதத் தூண்டியது.

பிரெஞ்சு நாட்டிலே செலஸ்தீன் பிரெனே என்னும் கிராம ஆசிரியர், முதல் உலகப் போரில் நுரையீரலிற் காயமுற்றவர். நெடுநேரம் உரத்துப் பேச இயலாதவர். 1924-இல் அவர் தம் வகுப்பறையிற் சிறிய அச்சுப்பொறி ஒன்றை அமைத்தார். தாம் கண்டதையும் செய்ததையும் சிறுவர் எழுத, அவற்றை அவர்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். பின்னர்த் தெற்கேயுள்ள அம்மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் தாள்கள் மேற்குக் கடற்கரைப் பாடசாலை ஒன்றுக்கு அஞ்சலிற் சென்றன. அங்குள்ள பிள்ளைகளின் தாள்கள் இங்கு வந்தன. மலையை அறியாதவருக்கு மலையையும், கடலை அறியாதவருக்குக் கடலையும் சொல்லவேண்டியிருந்தமையால், சொல்லுவதில் தெளிவு வேண்டும் என்பது உபதேசமின்றியே விளங்கிற்று.

நிற்க. இம்முறையிற் பிழைகள் பெருகும் என்பார் உளர். பிழை திருத்தல் வேண்டுவதே. ஒற்றும் சந்தியும் அற்ற தமிழை யான் விரும்புபவன் அல்லேன். ஆயினும், தம் நண்பர் படிக்கப் போகும் பக்கத்தில் வல்லினம் மிகுமா என்று மாணாக்கர் தாமே வந்து கேட்பதைக் கண்டிருக்கின்றேன். பரீட்சைத் தாளுக்காக அவ்வாறு கேட்டவர் அரியர். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், 'பனையின் பயன்கள்' போன்ற வியாசத்தைக் கணினியே நொடிப்பொழுதில் எழுதித் தருகின்றது. அதனைத் தடுப்பதெவ்வாறு என்று கலாசாலைகள் கவலுகின்றன. யாருக்குமன்றி எழுதப்படும் வியாசத்தைக் காக்க எத்தனை காவல் இட்டாலும் போதாது. தன் தந்தையின் தொழிலை அறிய விரும்பி நண்பர் கேட்ட வினாவுக்கோ, எம்மாணாக்கரும் இயந்திரத்தை விடை எழுதச் சொல்லி யான் இதுவரை கண்டிலேன்.

மாணாக்க நண்பர்காள்! உங்கள் நண்பர் எழுதிய பக்கத்தைக் கையில் எடுக்கும்போது, அது நீங்கள் அறியாத ஒரு வீட்டின் வாயில் என்று எண்ணுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே செல்லுங்கள். அறிய விரும்புவதைக் கேளுங்கள். உங்கள் பெயரை எழுதுங்கள். நன்கு எழுதுவோரை ஆக்குவது ஆசிரியரால் மட்டும் ஆவதன்று. நன்கு படிக்கும் சகபாடிகளாலும் ஆவது. பழைய மாணவர்களாகிய பெரியோர் இச்சஞ்சிகையில் முதலாண்டு மாணாக்கர் ஒருவரின் பக்கத்தைக் காண நேரின், அவருக்கு ஒரு வினாவேனும் எழுதி விடுப்பாராக. அதனினும் சிறந்த பரிசு அவருக்கு வேறில்லை.