எழுத்து அகன்றால் போதுமா?

மண்டகப்பட்டில் வாழும் எங்களுக்குக் கல்லெழுத்து புதிதன்று. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையை அடுத்துள்ள இவ்வூரில், ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயில் இன்றும் நிற்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவுமின்றி இதனை எடுப்பித்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கிரந்த எழுத்தில் உரைக்கிறது. அதனைக் காண வருவோர் யாவரும் ஒன்றைத் தவறாமல் செய்வர். எட்ட நின்று பார்ப்பர், எழுத்துத் தெரியாது, பிறகு அருகே சென்று குனிந்து நோக்குவர். கல் நம்மை நோக்கி வாராது. நாமே அதனிடம் செல்லவேண்டும்.

ஓலைச்சுவடியும் அச்சுப்புத்தகமும் இத்தகையனவே. எழுத்தின் அளவைக் கல்லில் வெட்டியவனும், ஓலையில் கீறியவனும், அச்சுக் கோத்தவனும் தீர்மானித்தார்கள். படிப்பவன் அதற்கு இணங்கிப் போனான். அந்த அளவைத் தீர்மானிக்கும் உரிமை படிப்பவன் கைக்கு வந்தது கணினித் திரை வந்த பிறகேயாகும். ஆயினும், கைக்கு வந்த அவ்வுரிமையை முறையாகப் பயன்படுத்தும் வழி நம் குடும்பங்களில் பலரை எட்டவில்லை. கண் கூசுகிறது, தலை வலிக்கிறது, வயதாகிவிட்டது என்று சொல்லித் திரையை விட்டு விலகிவிடுவோர் ஒவ்வோர் ஊரிலும் உளர். எங்கள் இல்லத்திலும் அவ்வாறு ஒருவர் விலகினார். அதனை இங்கே கூறுவது பிற குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

தமிழக அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை வாசகர்கள் அறிவார்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகள் வழியாக, அதுவரை கணினியைக் கண்டிராத பல இல்லங்களுக்கு அது வந்து சேர்ந்தது. எங்கள் மகளும் அவ்வாறே ஒன்றைப் பெற்றாள். படிப்பு முடிந்து அவள் வேலைக்குச் சென்றபின், அந்த மடிக்கணினி எங்கள் தந்தையாரின் உடைமையாயிற்று. பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர் அவர், எழுபத்தாறு வயது. குவைத்தில் பணிபுரியும் எங்கள் தம்பி வாரந்தோறும் மின்னஞ்சலில் எழுதும் கடிதத்தை அதில் படிப்பதே அவருடைய தலையாய மகிழ்ச்சி.

ஒருமுறை அக்கணினி பழுதுற்றது. நகரத்தில் ஒரு கடையில் கொடுத்துச் சீர்செய்தோம். வயதானவர் படிப்பதற்கு என்று கேட்ட கடைக்காரர், "எழுத்தைப் பெரிசாக்கித் தந்திருக்கிறேன் ஐயா" என்று கனிவோடு கூறி அனுப்பினார். எழுத்து பெரிதாகவே தோன்றிற்று. ஆனால் அன்று தொடங்கித் தந்தையார் திரையின் முன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமரலானார். அரைமணி நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

அவ்வாண்டு தம்பி விடுமுறையில் வருவதாக எழுதினான். எட்டாம் தேதி வருகிறான் என்று தந்தையார் படித்துக் கூறினார். அவன் எழுதியிருந்ததோ மூன்றாம் தேதி. விடியற்காலையில் விழுப்புரத்தில் வந்திறங்கிய மகன், அழைத்துச் செல்ல ஒருவரும் இன்றிப் பெட்டிகளோடு நின்றான். அவன் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. சிரித்துக்கொண்டே வீட்டிற்குள் நுழைந்தான். ஆனால் தந்தையாரின் முகம் வாடிவிட்டது. "எனக்குக் கண் போய்விட்டது, இனி நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்று கூறிக் கணினியை மூடினார். நாற்பதாண்டுக் காலம் பிறர் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அதன்பின் கடிதங்களை நாங்கள் படித்துச் சொன்னோம். சில மாதங்களில் ஒன்றைக் கண்டோம். தம்பியின் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. நலம், வேலை, வானிலை ஆகிய மூன்றோடு முடிந்துவிடும். தந்தைக்கு எழுதுவதை அண்ணனும் அண்ணியும் உரக்கப் படிப்பார்கள் என்று அறிந்த மகன், தந்தைக்கு மட்டும் சொல்லக்கூடியவற்றை எழுதுவானா?

கண் மருத்துவரிடம் தந்தையாரை அழைத்துச் சென்றோம். கண்புரை அறுவை செய்த கண்கள் இரண்டும் நன்றாகவே உள்ளன என்றார் மருத்துவர். திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தொலைவை அளந்து, அதற்கென ஒரு கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதனால் ஓரளவே பயன் விளைந்தது. மீதிக் குறையைக் கண்டுபிடித்தவள் அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவி. எங்கள் மகளின் திருமணப் படத்தைத் திரையில் பார்த்தவள், "தாத்தா, அக்கா முகம் ஏன் இப்படி அகலமாக இருக்கிறது?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே விடையும் இருந்தது.

அவள் எங்களுக்கு விளக்கியதை வாசகர்களுக்கும் விளக்குவோம். கணினித் திரை என்பது மிக நுண்ணிய ஒளிப்புள்ளிகளின் வரிசை. அப்புள்ளியைப் பிக்சல் என்பர். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்னும் கணக்கே ரெசல்யூஷன். தமிழில் தெளிவுத்திறன் என்கிறார்கள். மாணவர்கள் பெற்ற மடிக்கணினிகளுள் பலவற்றின் திரை 14 அங்குலம். அதில் குறுக்கே 1366, நெடுக்கே 768, ஆகப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. தொழிற்சாலையிலேயே பதித்துவிட்ட புள்ளிகளாதலின் அவற்றைப் பிறகு கூட்டவும் குறைக்கவும் இயலாது.

கடைக்காரர் இதனை 1024க்கு 768 என்று மாற்றி வைத்திருந்தார். மூன்று புள்ளிகளுக்குரிய செய்தியை நான்கு புள்ளிகளில் பரப்பவேண்டிய நிலை திரைக்கு ஏற்பட்டது. அவ்வாறு சரிபாதியாகவும் பிரியாத செய்தியை அண்டைப் புள்ளிகளில் சிறிது சிறிதாகக் கலந்து பூசுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. எழுத்தின் உயரம் சிறிதும் கூடவில்லை, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிற்று, விளிம்புகள் மங்கின. மூன்று என்னும் எண்ணின் இடப்பக்கத் திறப்பு அந்த மங்கலில் அடைபட்டு எட்டாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அவர் செய்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முன்னாளில் மேசைமேல் பெரும்பெட்டிபோல் வீற்றிருந்த படக்குழாய்த் திரைகளில் இவ்வாறு பதித்த புள்ளிக் கட்டம் இல்லை. மின்னணுக் கற்றை வேண்டிய எண்ணிக்கையில் கோடுகளை வரையும். 640க்கு 480 ஆனாலும், 800க்கு 600 ஆனாலும் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அக்காலத்தில் எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைப்பது நல்ல வழியே. திரை தட்டையாகிவிட்டது, பழக்கமோ மாறவில்லை.

தமிழ் படிப்போருக்கு இம்மங்கல் இரட்டைத் துன்பம். நம் எழுத்துகள் சுழியாலும் புள்ளியாலும் வேறுபடுவன. இரட்டைச் சுழிக் கொம்பு ஒற்றைச் சுழிக் கொம்பாகத் தெரிந்தால் கோடி கொடியாகிவிடும், போய் பொய்யாகிவிடும். ஒரு சுழி குறைந்தால் மணம் மனமாகும். ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அதனை விட்டெழுதிய காலத்தில், குறிலா நெடிலா என்று இடம் நோக்கி ஊகிக்கவேண்டியிருந்தது. இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர், அவ்வேறுபாடு கண்ணுக்கே புலப்படும்படி எழுத்தின் வடிவைச் சீர்திருத்தியது இத்துன்பத்தைப் போக்கவே. அவர் வகுத்துத் தந்த சுழியை நாம் ஒரு தவறான அமைப்பினால் இழந்துவிடலாமா?

இதற்கு மாற்று எளியது. திரையின் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் என்பதைத் திறக்கவேண்டும். அங்கே ரெசல்யூஷன் என்பதில், ரெகமண்டட் என்று குறித்துள்ள அளவையே தேர்ந்து அதனைத் தொடாமல் விட்டுவிடவேண்டும். எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேல் என்னும் வேறோர் அமைப்பு அங்கேயே இருக்கிறது. அதில் 100 விழுக்காடு இருப்பதை 125 அல்லது 150 ஆக்கலாம். கணினி எழுத்தைப் படமாக வைத்திராமல் கோட்டு வடிவமாகவே வைத்திருக்கிறது. ஆதலின் இம்முறையில் பெரிதாக்கும்போது பழைய எழுத்தை இழுத்து விரிக்காமல், கூடுதல் புள்ளிகளைக் கொண்டு புதிதாக வரைகிறது. எழுத்தும் பெரிதாகும், சுழியும் துலங்கும். இணையப் பக்கம் ஒன்றை மட்டும் பெரிதாக்கவேண்டின், கண்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் போதும்.

இதில் ஒரு சிறு இழப்பும் உண்டு. எழுத்து பெரிதாகுந்தோறும் ஒரே நேரத்தில் தெரியும் வரிகள் குறையும். 1366க்கு 768 உள்ள சிறு திரையில் 150 விழுக்காடு வைத்தால் சில பெட்டிகளின் கீழ்ப்பொத்தான் திரைக்குக் கீழே மறையவும் கூடும். ஆகவே அத்தகைய திரைக்கு 125 விழுக்காடு தக்கது. எங்கள் தந்தையாருக்கு அந்த மாணவி அவ்வளவே வைத்தாள்.

புதிதாக வாங்குவோருக்கும் ஒரு சொல். புள்ளிகள் கூடக்கூட நன்று என்று விற்பவர் கூறுவார். ஓர் எல்லைவரை அது மெய்யே. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும் என்பது கண் மருத்துவக் கணக்கு. 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்க்குங்கால், ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 145 புள்ளிகள் என்பதே அவ்வெல்லை. 1920க்கு 1080 புள்ளிகளுள்ள 15.6 அங்குல மடிக்கணினியில் அங்குலத்திற்கு 141 புள்ளிகள் அமைகின்றன. குடும்பத்தின் எழுத்து, படிப்பு, கணக்கு ஆகியவற்றிற்கு இது நிறைவானது. 125 அல்லது 150 விழுக்காடு வைத்துக்கொண்டால் முதியோருக்கும் பொருந்தும். அதே அளவு மடிக்கணினியில் 3840க்கு 2160 என்னும் திரை விலையையும் மின்கலச் செலவையும் கூட்டும். படிப்பவர் கண்ணுக்கு அதனால் கிட்டுவது சிறிதே.

மேசைக் கணினிக்குத் தனித்திரை வாங்குவோர், திரை பெரிதானால் எழுத்துத் தெளியும் என்று எண்ணுதல் கூடாது. 1920க்கு 1080 என்பது 24 அங்குலத் திரையில் அங்குலத்திற்கு 92 புள்ளிகளாகவும், 27 அங்குலத் திரையில் 82 புள்ளிகளாகவும் குறைந்துவிடும். எழுத்து பெரிதாகத் தெரியும், விளிம்பு கரடுமுரடாகும். 27 அங்குலம் வேண்டுவோர் 2560க்கு 1440 உள்ளதைத் தேர்வது நலம்.

எந்த விழுக்காடு தக்கதென்று அறிய எங்கள் இல்லத்தில் கைக்கொள்ளும் சோதனை இது. திரையைக் கை நீட்டும் தொலைவில், அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமையும்படி வைக்கிறோம். தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து, வீட்டில் மூத்தவரைப் படிக்கச் சொல்கிறோம். அவர் படிப்பதைக் கேட்பதினும் அவர் உடலைக் கவனிக்கிறோம். முன்னே சாய்ந்தால் எழுத்து சிறிது. ஒரு படி கூட்டவேண்டும். முகவாயை உயர்த்திக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் திரை உயரத்தில் இருக்கிறது, தாழ்த்தவேண்டும். இல்லையேல் கண்ணுக்கு வந்த வலி கழுத்துக்கு மாறிவிடும். நாற்பதை ஒட்டிய வயதில் வெள்ளெழுத்து தொடங்குவது இயற்கை. அதற்குரிய கண்ணாடியை அணிவதில் நாணம் வேண்டா. திரையைப் பார்க்கையில் நாம் கண் இமைப்பது குறைந்துவிடுவதால், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது நொடி நோக்குதல் நன்று. வேர்க்கடலைக் கொல்லையும் குன்றும் கண்முன்னுள்ள எங்களுக்கு அதில் குறையில்லை.

அன்பு வாசகர்களே, நம் இல்லங்களில் கணினியை அமைப்பவர் பெரும்பாலும் இளையவர். அவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். தம் கண்ணுக்கு ஏற்றபடி அமைத்துவிட்டுப் போய்விடுவார். முதியவரோ, தமக்குத் தெரியவில்லை என்று கூறக் கூசி, வேண்டாம் என்று மட்டும் கூறுவார். அந்த 'வேண்டாம்' என்னும் சொல்லை நம்பிவிடாதீர்கள். ஒருமுறை அருகில் அமர்ந்து, "தெரிகிறதா அப்பா?" என்று கேளுங்கள். வீட்டிற்கு ஒரே திரையானால், அதனை மங்கிய கண்ணுக்கு ஏற்ப அமையுங்கள். கூரிய கண் அதற்கு எளிதில் இணங்கிக்கொள்ளும்.

மாணவி அமைப்பை மாற்றிய அன்று தந்தையார் தம்பியின் கடிதத்தைத் தாமே படித்தார். அடுத்த வாரம் தாமே ஒரு விரலால் தட்டிப் பதிலும் எழுதினார். இரண்டு திங்களுக்குள் தம்பியின் கடிதங்கள் மீண்டும் நீண்டன. அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் கூறுவதில்லை.