சோளகமும் வாடையும்: மன்னார்க் காற்றாலைகளும் வலசைப் பறவைகளும்

2020ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை மின்சார சபை மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலையை இயக்கத் தொடங்கிற்று. 30 சுழலிகள், வலு ஏறத்தாழ 100 மெகாவாற்று. நிலக்கரியும் எண்ணெயும் இறக்குமதி செய்து மின்சாரத்தின் ஒரு பகுதியைப் பெறும் நாடொன்றுக்கு இது சிறு பேறன்று. ஆயின், மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இலங்கை அமைந்துள்ளது. இந்தியக் கரையிலிருந்து மணற்றிட்டுகளின் வழியே வரும் பறவைகளுக்கு மன்னாரே வாயில். இங்கு செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று ருஷ்யாவின் வடமுனையை அண்டிய யமல் தீபகற்பம் வரை சென்றமை கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளரால் அறியப்பட்டுள்ளது. இத்துணைத் தொலைவு கடந்து வருவனவற்றின் வாயிலிலே சுழல்தகடுகளை நிறுத்துவதாயின் அதற்குரிய நெறிமுறை யாது என்பதே வினா.

பிறநாட்டு அனுபவங்கள் உள. ஜிப்ரால்டர் நீரிணையை அண்டிய ஸ்பானியக் காற்றாலைகளிலே பாறுகள் மிகுதியாக மடிந்தன. 2008ஆம் ஆண்டளவில், பறவைகளின் வரவைக் கண்காணிப்போர் அறிவித்ததும் உரிய சுழலியை மாத்திரம் சில நிமிடங்களுள் நிறுத்தும் முறை கைக்கொள்ளப்பட்டது. பாறுகளின் இறப்பு ஏறத்தாழ அரைவாசியாயிற்று. இழந்த மின்சாரமோ ஆண்டு உற்பத்தியில் 0.07 வீதமே. நோர்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று தகடுகளுள் ஒன்றுக்குக் கருமை பூசியபோது பறவையிறப்பு 70 வீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. ஆயினும் பூசப்பெற்றவை நான்கு சுழலிகளே என்பதை அதனை மேற்கோள் காட்டுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

இவ்விரு முறைகளையும் அவ்வாறே மன்னாருக்குப் பெயர்த்தல் பொருந்துமா? பாறு பகலிலே, வெப்பக் காற்றோட்டத்தில் மிதந்தெழும் பெரும்பறவை. அதனைத் தொலைவிலேயே காணலாம். மன்னாருக்கு வரும் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் கரையோர உள்ளான்களும் அந்தியிலும் இரவிலும் பெருங்கூட்டமாக இடம் மாறுவன. இருளிலே கருமை பூசிய தகட்டால் யாது பயன்? காவலாளின் கண்ணும் அவ்வாறே. இரவிலும் பறவைக் கூட்டத்தை உணரும் றேடார் இங்கு இன்றியமையாதது. அது சுழலியை நிறுத்தும் அதிகாரத்தோடு இணைந்திருத்தல் அதனினும் முக்கியம். நிறுத்த அதிகாரமற்ற றேடார் இறப்புகளைப் பதிவு செய்யும் பேரேடாகவே எஞ்சும். இன்னொன்று: பேச்செல்லாம் சுழலியைப் பற்றியே நிகழ, மின்சாரத்தைத் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் மறக்கப்படுகின்றன. 2010இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் அவ்வழியிலேயே உள்ளது. மெல்லிய கம்பியை இரவில் எந்தப் பூநாரை காணும்? கம்பிகளைப் புதைத்தலோ, இயலாவிடத்து அவற்றில் ஒளிரும் அடையாளங்களைத் தொங்கவிடுதலோ செலவு மிக்கதாயினும் செய்யற்பாலது.

எனினும் மன்னாருக்கு இயற்கை ஒரு சலுகையை அளித்துள்ளது. இங்கு காற்று வலுப்பெறுவது சோளகக் காலத்திலே, அதாவது மே முதல் செப்ரெம்பர் வரை. வலசைப் பறவைகளுட் பெரும்பாலானவை செப்ரெம்பர், ஒக்ரோபரில் வந்து ஏப்ரிலளவில் நீங்குவன. வாடைக்காற்றும் சுழலிகளைச் சுழற்றுமாயினும் சோளகத்தின் வலிமை அதற்கில்லை. ஆகவே பறவைகள் நிறைந்த மாதங்களின் அந்தி வேளைகளிலே சுழலிகளை நிறுத்துவதால் ஏற்படும் இழப்பு, சோளகத்தில் நிறுத்துவதாயின் நேரக்கூடியதினும் மிகக் குறைவு. மணற்றிட்டுகளிலே ஆலாக்கள் முட்டையிடுவது சோளகத்தில்தான் என்பதால் இக்கணக்கு முற்றும் பிசகற்றதன்று. அத்திட்டுகளை அண்டிய பகுதியை விலக்கிவிட்டே இடம் தெரிதல் வேண்டும்.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்ட இந்திய நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது, மின்சாரத்தின் விலை மீளப் பேசப்பட்டமையால், பறவைகளின் பொருட்டன்று. இனி வருவோரும் அலகுக்கு இவ்வளவு என்றே கணக்கிடுவர். எந்த மாதத்தில், எந்த வேளையில், எவரது சொல்லுக்குச் சுழலி நிற்கும் என்பதும், நிற்கும்போது விற்கப்படாத அலகின் விலையை யார் ஏற்பர் என்பதும் ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்னரே அதில் எழுதப்படல் வேண்டும்.