கணேசன் வீட்டுக் கணக்கு

தஞ்சாவூர்ப் பக்கம் சிவாஜி கணேசனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் படம் வராது, சூரக்கோட்டைதான் வரும். ‘நம்ம சூரக்கோட்டைக்காரர்’ என்று ஆரம்பித்து, வீடு, வயல், தோப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ‘பராசக்தி’க்கு வருவார்கள். பிறந்தது விழுப்புரம், வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரம் என்று யாராவது திருத்தினால் காதில் வாங்கமாட்டார்கள். அப்பா சின்னையா மன்றாயர் இந்த மண்ணுக்காரர். அது போதும் அவர்களுக்கு.

அப்படிச் சொந்தம் கொண்டாடிய ஜனங்கள்தான் 1989 ஜனவரியில் திருவையாறு தொகுதியில் அவரைத் தோற்கடித்தார்கள். பத்தாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம். எங்கள் பெரியப்பா சிவாஜி படத்தை முதல் நாளே பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காத மனிதர். அவரும் உதயசூரியனுக்குத்தான் போட்டார். ஏன் என்று கேட்டேன். “படத்துக்குக் காசு குடுத்துட்டுத்தானே பாத்தோம் தம்பி? கடன் ஒண்ணும் பாக்கியில்லையே” என்றார். எனக்கு அப்போது அது ஈவிரக்கமில்லாத பதிலாகப் பட்டது. இப்போது யோசித்தால், சிவாஜிக்குக் கடைசிவரை பிடிபடாத ஒன்றைத்தான் பெரியப்பா சொன்னார் என்று தோன்றுகிறது.

1928-ல் மகன் பிறந்தபோது சின்னையா மன்றாயர் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போயிருந்தார். பையன் சிறுவயதில் கட்டபொம்மன் நாடகம் பார்த்து மயங்கி, தனக்கு யாருமில்லை என்று பொய் சொல்லி பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். சீதை வேஷம் போட்டான். ஊர் ஊராகக் கொட்டகையில் தூங்கினான். வீட்டுச் சோறு தின்னவேண்டிய வயசெல்லாம் அப்படிப் போயிற்று. பிற்பாடு அவர் வீடு என்ற ஒன்றை அவ்வளவு வெறியோடு கட்டியதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். 1952 மே மாதம் சுவாமிமலையில் கமலா அம்மாளோடு கல்யாணம், அக்டோபரில் ‘பராசக்தி’. பணம் வந்ததும் அண்ணன் தம்பி, பிள்ளை குட்டி எல்லோரும் தி.நகர் ‘அன்னை இல்ல’த்தில் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டார்கள். கால்ஷீட், சம்பளம், வரி, சொத்து எல்லாம் தம்பி வி.சி.சண்முகம் பொறுப்பு. எங்கள் பக்கத்துப் பெரிய மிராசுதார்களுக்கு எத்தனை கலம் விளைந்தது என்பது கணக்குப்பிள்ளை சொன்னால்தான் தெரியும். சிவாஜியும் அந்த ரகம். அவருக்கு நடிப்பு மட்டும்தான் வேலை.

அந்த ஒரு வேலையை எப்படிச் செய்தார் என்பதற்கு ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போதும். நாயனம் ஊதுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் எங்களுடையது. சீவாளியை எப்படி உதட்டில் வைப்பது, மூச்சு எங்கே உடையும், தவிலுக்கு எப்போது கண்ணைக் காட்டவேண்டும் என்பதெல்லாம் டிக்கெட் கிழிக்கிறவனுக்கும் தெரியும். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் விரலும் அவர்களோடு ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, குற்றம் கண்டுபிடிக்கப் போனவர்கள் வாயை மூடிக்கொண்டு வந்தார்கள். படத்தில் அவர் நடித்த நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபம், வறட்டு ரோஷம், சட்டென்று குழந்தையாகிற சுபாவம் மூன்றும் அசல் டெல்டாச் சரக்கு. (ரோஷம் மட்டும் இன்னும் எங்களிடம் உபரியாக இருக்கிறது.)

அரசியலுக்கும் அவர் கொண்டுபோனது அந்த ரோஷத்தைத்தான். 1940-களில் அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் வாயால் வந்த பட்டம் அவருடையது. கருணாநிதியின் வசனம்தான் ‘பராசக்தி’யில் அவரை ஆளாக்கியது. ஆனாலும் கழகத்தில் மனஸ்தாபம் வந்தது, திருப்பதி போய் வந்ததற்குக் கேலி செய்தார்கள், விலகிவிட்டார். பிறகு காமராஜர். அது கட்சி அல்ல, பெற்ற தகப்பனிடம் காட்டும் பக்தி. 1971 தேர்தலில் ஸ்தாபன காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பேசினார். கூட்டத்துக்குக் குறைவில்லை. கிடைத்தவை 234-ல் 15 இடங்கள். 1975-ல் காமராஜர் போன பிறகு இந்திரா காந்தி பக்கம். 1982-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர்.

1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தார். அவர் மனைவி ஜானகி அம்மாளை ஆதரிப்பதா என்பதில் காங்கிரசோடு பிணங்கி, 1988-ல் ‘தமிழக முன்னேற்ற முன்னணி’யைத் தொடங்கினார். கணக்குத் தெரிந்த எவனும் செய்யாத காரியம். எம்.ஜி.ஆரின் ஓட்டு ஜெயலலிதா பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் இவர் ஜானகி பக்கமே நின்றார். அவர் மனசில் ஓடியதாக நான் நினைப்பது இது: அண்ணன் போய்விட்டார், அண்ணி தனியாக நிற்கிறார், கூடப் போய் நிற்பதுதான் முறை. ‘பாசமல’ரில் இது எடுபடும். ‘பராசக்தி’க்கு வாய்ப்புக் கொடுத்த பி.ஏ.பெருமாளைப் பொங்கலுக்குப் பொங்கல் வேலூர் போய் வணங்கிவிட்டு வந்த மனிதர் வேறெப்படி நடந்துகொள்வார்? ஆனால் வாக்குச்சாவடியில் முறைமாமனும் இல்லை, நாத்தனாரும் இல்லை. அந்தத் தேர்தலில் ஜானகி அம்மாளே ஆண்டிபட்டியில் தோற்றார். திருவையாற்றுக்குப் பக்கத்திலேயே பாபநாசத்தில், தனியாக நின்ற காங்கிரசில் மூப்பனார் ஜெயித்தார். கபிஸ்தலத்துப் பெரிய மிராசுதான் அவரும். ஆனால் கணக்கைத் தானே பார்ப்பவர்.

பொங்கல் முடிந்த கையோடு, 21-ம் தேதி வாக்குப்பதிவு. சம்பா அறுவடை நேரம். பிரச்சார வேனுக்குப் பின்னால் களத்துமேட்டிலிருந்து அரிவாளோடு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து அறுக்கப் போனார்கள். கூலியும், தண்ணீரும், வாங்கிய கடனும் அவர்கள் தலைக்குள் இருந்தன; அதற்கு அவரிடம் வசனம் இல்லை. தோல்விக்குப் பிறகு கட்சியை ஜனதா தளத்தில் இணைத்தார், கொஞ்ச காலம் மாநிலத் தலைவராக இருந்தார், ஒதுங்கிவிட்டார். நல்லதாயிற்று என்பேன். இல்லாவிட்டால் 1992-ல் ‘தேவர் மகன்’ பெரியவர் நமக்குக் கிடைத்திருப்பாரா, சந்தேகம்.

அவரைத் தோற்கடித்த தி.மு.க.வின் துரை.சந்திரசேகரன் அதே தொகுதியில் 2016-லும் 2021-லும்கூட ஜெயித்தார். அவரை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது எங்கள் ஊரில் யாரும் எத்தனை தடவை எம்.எல்.ஏ. என்று சொல்வதில்லை. “சிவாஜியையே தோக்கடிச்சவரு” என்கிறார்கள், ஏதோ தாங்கள் ஓட்டே போடாத மாதிரி.