சி.தா.

பிப்ரவரி 9, 2025. ஞாயிறு

அத்தை மறுபடியும் போன். காது மந்தம், அதனால் கத்துகிறாள். "எங்க சித்தப்பா அங்கதான்டா கெடக்கறாரு. ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வாயேன்." பிடோக்கிலிருந்து கிராஞ்சி போர் நினைவிடம் சிங்கப்பூர்த் தீவின் இன்னொரு மூலை என்றேன். "வேலூர்லேருந்து போற தூரமா?" பதில் சொல்லவில்லை. எரிச்சல். ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 10

நைட் ஷிப்ட். தூக்கம் வராமல் சின்னத் தாத்தா நினைப்பு. சி.தா. பற்றித் தெரிந்தது எவ்வளவு? மானாவாரி நிலம், கேழ்வரகு, கடலை. ஒரு ஜோடி மாடு. கடன். 1940இல் ராணுவத்தின் மதராஸ் சாப்பர்ஸுக்கு ஆள் எடுத்தார்கள், போய்விட்டார். பெங்களூரில் பயிற்சி. கல்யாணம் ஆகவில்லை. அவ்வளவுதான்.

அத்தை பிறந்ததே 1944இல். பார்த்திராத ஆளுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம்?

பிப்ரவரி 11, தைப்பூசம்

லீவு. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடம். தார்ச்சாலை கொதித்தது. பாதம் முழுக்கக் கொப்புளம். முருகனிடம் எதுவும் கேட்கத் தோன்றவில்லை. மனசு லேசாக இருந்தது. அத்தை போன் வந்தது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 13

கொப்புளம் உடைந்துவிட்டது. செருப்புப் போட முடியவில்லை. உட்கார்ந்து படித்தேன்.

சாப்பர் என்றால் பாலம் கட்டுகிறவன், பின்வாங்கும்போது அதையே தகர்க்கிறவன். மலாயா நெடுக அதுதான் வேலை. 1942 ஜனவரி 31 சிங்கப்பூரை மலாயாவோடு இணைத்த காஸ்வேயையும் உடைத்தார்கள். பிப்ரவரி 15 ஜப்பானியரிடம் சரண். 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க்கில் திரட்டினார்கள். சுமார் 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். கேப்டன் மோகன் சிங் எழுந்து, விருப்பமுள்ளவர்கள் இந்திய தேசியப் படைக்கு (ஐ.என்.ஏ.) வரலாம் என்று கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை குடத்தோடு நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம் அந்தத் திடல்.

சி.தா. அங்கே இருந்தாரா? அதற்கு முன்பே போய்விட்டாரா?

அந்த நேதாஜி படையில் சேர்ந்தார் என்று அப்பா சாகும்வரை சொன்னார். பொய் என்கிறாள் அத்தை. கொள்ளுப்பாட்டிக்குச் சர்க்காரிலிருந்து கொஞ்ச காலம் பணம் வந்ததாம், நேதாஜி ஆளாக இருந்தால் வெள்ளைக்காரன் கொடுப்பானா என்கிறாள். நியாயமான கேள்வி. அப்பா சொன்னதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 14

வேலை முடிந்து எஸ்பிளனேட் பூங்கா. ஐ.என்.ஏ. நினைவிடம். 1945 ஜூலை 8 நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். இப்போது நிற்பது 1995இல் வைத்த அடையாளக் கல். பேர்கள் கிடையாது. பக்கத்தில் ரோஜாக்களோடு ஜோடி ஜோடியாக. என்னை யாரோ போட்டோ எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன், நன்றாக வந்தது.

பேரே இல்லாத இடத்தில் என்ன தேடுவது.

பிப்ரவரி 15

சாயங்காலம் 6.20. சங்கு. வருஷா வருஷம் ஊதுகிறது, இன்று வயிற்றில் ஏதோ புரண்டது. 1942இல் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த நேரம். புளோக்கின் கீழே பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி அசையாமல் நின்றாள். அவள் அண்ணனை ஜப்பானியர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். சிக்லாப்பில் 1962இல் எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது அம்மாவோடு போய்ப் பார்த்தாளாம். எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்றாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மெதுவாகப் படியேறினாள்.

நாளை போகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிராஞ்சி. ரயிலில் பாதித் தூக்கம். பாதம் இன்னும் எரிகிறது. மேட்டில் வரிசை வரிசையாகக் கல்லறைகள், ஒட்ட வெட்டிய புல். உச்சியில் விமானம் மாதிரி ஒரு கட்டடம், கீழே சுவர்கள். உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பேர்கள். பின்னால் இன்னொரு நினைவுக்கல், எரியூட்டப்பட்டவர்களுக்கு. சுமார் 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர்.

மதராஸ் சாப்பர்ஸைத் தேடிக் கண்டுபிடித்தேன். எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வாய்விட்டுப் படித்தால்தான் நம் ஊர்ப் பேர் என்று புரிகிறது. சி.தா. பேர் இருக்கிறது! அடுத்த வரியிலும் அதே பேர். மேலேயும். ஊர் இல்லை, தகப்பன் பேர் இல்லை, தேதி இல்லை. படை எண் தெரிந்தால் பதிவேட்டில் பார்க்கலாம். வீட்டில் யாரிடமும் எண் இல்லை.

வெயில். கண் கூசியது. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு பசி.

பிப்ரவரி 17

அத்தையைக் கூப்பிட்டேன்.

"பேர் இருக்கு அத்தை."

"பாத்தியா! நான் சொன்னேன்ல."

"அதே பேர்ல நாலஞ்சு பேர் இருக்காங்க. அவரு எதுன்னு தெரியல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எல்லாத்தையும் தொட்டுக் கும்பிட்டியா?"

"கும்பிட்டேன்."

மேலே இருந்தவை கைக்கு எட்டவில்லை. அதைச் சொல்லவில்லை.

அப்பா சொன்ன கதையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. செத்த தேதி தெரியாததால் வீட்டில் மகாளய அமாவாசைக்குத்தான் அவருக்குப் படையல். இந்த வருஷம் இங்கே நீ ஒரு இலை போடு என்கிறாள், கேழ்வரகுக் களியும் வேர்க்கடலையும் வைக்க வேண்டுமாம். காலண்டரில் பார்த்தேன். செப்டம்பர் 21. ஞாயிற்றுக்கிழமை, லீவு போட வேண்டியதில்லை.